கைகட்டி நிற்பவரைப் பற்றி அவசர முடிவு வேண்டாம்

பொறியியல் கல்லூரிகளில் கேம்பஸ் இன்டர்வியூ பருவம் தொடங்கும் முன்பே இன்னொரு பாடம் தொடங்கிவிடுகிறது. கண்ணைப் பார்த்துப் பேசு, கையைக் கட்டாதே, நாற்காலி நுனியில் உட்காராதே, கைகுலுக்கும்போது அழுத்தமாகக் குலுக்கு என்று சாஃப்ட் ஸ்கில்ஸ் வகுப்பில் மாணவர்களுக்குச் சொல்லித்தருகிறார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரப்போகும் ஹெச்.ஆர். அதிகாரி அதே பாடத்தின் மறுபாதியைப் படித்துவிட்டு வருகிறார். கண் தாழ்ந்தால் தன்னம்பிக்கை இல்லை, கை கட்டினால் மனம் திறக்கவில்லை, மூக்கைத் தொட்டால் எதையோ மறைக்கிறார். 1970இல் அமெரிக்காவில் ஜூலியஸ் ஃபாஸ்ட் எழுதிய புத்தகமும், 1981இல் ஆஸ்திரேலியாவில் ஆலன் பீஸ் எழுதிய புத்தகமும் பல நாடுகளில் விற்று இந்த அகராதியைப் பரப்பின. இன்று அது அலுவலகங்களின் பொது அறிவாகவே ஆகிவிட்டது. ஒருவருடைய முதல் வேலையும் பதவி உயர்வும் இதை நம்பி முடிவாகின்றன என்றால், அது எவ்வளவு தூரம் உண்மை என்று கேட்டுத்தான் ஆகவேண்டும். கடந்த ஐம்பது அறுபது ஆண்டுகளில் உளவியலாளர்கள் கேட்டும் இருக்கிறார்கள். அவர்கள் கண்டதைத் தொகுத்துப் பார்க்கும்போது எனக்குத் தெளிவாகும் செய்தி இது: உடல் ஒருவரின் அந்த நேரத்து நிலையைக் காட்டலாம், அதையும் மங்கலாகத்தான். அவருடைய குணத்தை அது காட்டுவதில்லை. குணத்தை அறிய வேறு வழிகள் இருக்கின்றன. அவற்றுக்குக் கூர்மையான பார்வையைவிடப் பொறுமைதான் அதிகம் தேவை.

பயிற்சி வகுப்புகளில் தவறாமல் வரும் ஒரு கணக்கிலிருந்து தொடங்கலாம். நாம் பேசுவதில் சொற்களின் பங்கு 7 சதவீதம், குரலின் பங்கு 38, முகத்துக்கும் உடலுக்கும் 55 என்பார்கள். இந்த எண்கள் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளிலிருந்து வந்தவை. அங்கே யாரும் பேட்டி கொடுக்கவில்லை, கூட்டத்தில் பேசவில்லை. ஒலிப்பதிவு செய்த ஒற்றைச் சொற்களை வெவ்வேறு தொனியில் கேட்கவைத்தார்கள். முகபாவங்களின் புகைப்படங்களைக் காட்டினார்கள். பேசுபவருக்கு எதிரில் இருப்பவர்மேல் விருப்பமா வெறுப்பா என்று ஊகிக்கச் சொன்னார்கள். சொல் ஒன்றும் தொனி வேறுமாக முரண்படும்போது கேட்பவர் எதை நம்புகிறார் என்பதே அவருடைய கேள்வி. தன் கணக்கு உணர்ச்சியையும் விருப்பு வெறுப்பையும் பற்றிய பேச்சுக்கு மட்டுமே பொருந்தும் என்று மெஹ்ராபியனே தெளிவுபடுத்தியிருக்கிறார். சர்வர் ஏன் நின்றுபோனது என்று ஒரு பொறியாளர் விளக்கும்போது அவர் சொற்களுக்கு 7 சதவீதம்தான் மதிப்பு என்று எவரும் சொல்லமாட்டார்கள். அரை நூற்றாண்டாக வகுப்பறைகளில் சொல்லப்படுவது என்னவோ அதுதான்.

அகராதி என்றால் ஒரு சொல்லுக்கு ஏறக்குறைய ஒரே பொருள் எல்லா இடத்திலும் நிற்கவேண்டும். உடலின் அசைவுகளுக்கு அப்படி நிலைத்த பொருள் இல்லை. கையைக் கட்டிக்கொள்வதை மேலைநாட்டுக் கையேடுகள் தற்காப்பு, மறுப்பு என்று எழுதிவைத்திருக்கின்றன. நம் ஊரில் பெரியவர் முன்னால் கையைக் கட்டி, பார்வையைச் சற்றே தாழ்த்தி நிற்பது மரியாதை. பல பள்ளிக்கூடங்களில் அது ஒழுக்கமாகவே பழக்கப்படுகிறது. சாதியாலும் பணத்தாலும் கீழே வைக்கப்பட்ட குடும்பங்களுக்கு அது பல தலைமுறைகளாக மரியாதையைத் தாண்டி, அடி வாங்காமல் தப்பும் வழியாகவும் இருந்திருக்கிறது. அந்த வீட்டிலிருந்து முதல் பட்டதாரியாக வரும் பெண், பெரிய கம்பெனியின் அதிகாரி எதிரில் தன்னை அறியாமல் அப்படியே நிற்பாள். அவள் தெரிவிக்க விரும்புவது மதிப்பு. மேசைக்கு அப்பால் பதிவாவது நம்பிக்கைக் குறைவு. குளிரூட்டிய அறையில் குளிருக்காகக் கை கட்டியவரும் இதே கட்டத்தில்தான் விழுவார்.

கண்ணைப் பற்றிய நம்பிக்கை இன்னும் ஆழமானது. பொய் சொல்பவரை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று 58 நாடுகளில் கேட்ட ஒரு பன்னாட்டு ஆய்வு 2006இல் வெளியானது. மூன்றில் இருவர் அளவுக்கு, கண்ணைப் பார்க்கமாட்டார் என்று பதில் சொன்னார்கள். உலகம் இவ்வளவு ஒற்றுமையாக நம்பும் இந்தச் செய்திக்கு ஆதாரம் ஏறக்குறைய இல்லை. பொய்யின் அடையாளங்கள் என்று கருதப்படும் 158 குறிகளை பெல்லா டிபாலோவும் உடன் பணியாற்றியவர்களும் 2003இல் தொகுத்து ஆராய்ந்தபோது, பெரும்பாலானவற்றுக்கும் பொய்க்கும் தொடர்பு மிக மெலிதாகவோ இல்லாமலோ இருந்தது. பார்வையை விலக்குவதும் அதில் அடக்கம். 2006இல் சார்ல்ஸ் பாண்டுடன் சேர்ந்து அவர் செய்த பெருந்தொகுப்பில் 24,000க்கும் மேற்பட்டவர்களின் தீர்ப்புகள் இருந்தன. உண்மையையும் பொய்யையும் அவர்கள் சரியாகப் பிரித்தது நூற்றுக்கு 54 முறை. காசைச் சுண்டிப் போட்டாலே 50 கிடைத்துவிடும். தொழில்முறையில் இதைச் செய்பவர்களும் மற்றவர்களைவிடக் குறிப்பிடும்படி மேலாக இல்லை. அமெரிக்க விமான நிலையங்களில் பயணிகளின் நடத்தைக் குறிகளைப் பார்த்து ஆபத்தானவர்களை அடையாளம் காணும் திட்டம் ஒன்றுக்கு 2007 முதல் சுமார் 90 கோடி டாலர் செலவானது. அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2013இல் அதை ஆராய்ந்து, இது பலன் தருகிறது என்பதற்குச் சான்று இல்லை, மேற்கொண்டு பணம் ஒதுக்குவதைக் கட்டுப்படுத்துங்கள் என்று பரிந்துரைத்தது. பயிற்சியும் பணமும் இவ்வளவு இருந்த இடத்திலேயே முடியாததை, பதினைந்து நிமிட இன்டர்வியூவில் செய்துவிடலாம் என்று எண்ணுவது எனக்கு வேதனையாக இருக்கிறது.

முகமாவது நம்பத்தக்கதா? பால் எக்மன் 1960களிலும் 70களிலும் பப்புவா நியூ கினி வரை சென்று, சில அடிப்படை உணர்ச்சிகளின் முகபாவம் மனிதர் எல்லோருக்கும் பொது என்று வாதிட்டார். அந்த வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் 2019இல் லிசா ஃபெல்ட்மன் பாரெட்டும் வேறு நான்கு அறிஞர்களும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளை அலசியபோது, கோபத்தில் இருப்பவர்கள் முகத்தைச் சுளிப்பது சுமார் 30 சதவீத வேளைகளில்தான் என்று தெரிந்தது. மீதி வேளைகளில் அவர்கள் அமைதியாக இருந்தார்கள், அழுதார்கள், சிரிக்கவும் செய்தார்கள். கோபமே இல்லாமல், கவனம் குவிந்ததாலோ வயிற்று வலியாலோ முகம் சுளிப்பவர்களும் உண்டு. இந்த உண்மை சட்டம் வரை போயிருக்கிறது. வீடியோ நேர்காணல் மென்பொருள் விற்கும் ஹயர்வியூ என்ற அமெரிக்க நிறுவனம், விண்ணப்பதாரரின் முக அசைவுகளைக் கணினியால் மதிப்பிடுவதைக் கைவிட்டதாக 2021 ஜனவரியில் அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியம் வேலையிடங்களிலும் கல்வி நிலையங்களிலும் செயற்கை நுண்ணறிவு கொண்டு ஒருவரின் உணர்ச்சியை ஊகிப்பதை, மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் தவிர, 2025 பிப்ரவரி 2 முதல் தடை செய்திருக்கிறது. கணினிக்குத் தடை செய்ததை மேனேஜர் தன் கண்ணால் செய்தால் மட்டும் சரியாகிவிடுமா?

இனி ஆளுமைக்கு வருவோம். இன்றைய உளவியல் அதை ஐந்து அளவுகோல்களில் பார்க்கிறது: புதியதை நாடும் மனம், பொறுப்புணர்வு, கலகலப்பு, இணக்கம், எளிதில் கலங்கும் தன்மை. ஒவ்வொன்றும் எல்லோரிடமும் கூடக்குறைய இருக்கும். ஆட்களை 16 வகையாகப் பிரித்து நான்கெழுத்துச் சீட்டு ஒட்டும் மையர்ஸ்-பிரிக்ஸ் சோதனை கம்பெனிகளில் பிரபலம் என்றாலும், தொழில் ஆலோசனைக்கு அதைப் பயன்படுத்தப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்க தேசிய ஆய்வுக் குழு 1991லேயே சொல்லிவிட்டது. அதே ஆண்டில் மரே பாரிக், மைக்கேல் மவுன்ட் இருவரும் பல ஆய்வுகளைத் தொகுத்து, எந்தத் தொழிலானாலும் வேலைத்திறனோடு தொடர்ந்து தொடர்பு காட்டும் குணம் பொறுப்புணர்வுதான் என்று காட்டினார்கள். சொன்ன தேதியில் முடிப்பது, தவறு கண்டால் தானே சொல்வது, யாரும் பார்க்காத கோப்பையும் ஒழுங்காக வைப்பது. இவற்றில் எது உட்காரும் விதத்தில் தெரியும்? முன்பின் பழகாதவரைப் பார்த்தவுடன் ஓரளவு சரியாகக் கணிக்க முடிவது கலகலப்பைத்தான். ஆகவே வேலைக்கு அதிகம் தேவையான குணம் கண்ணுக்குப் படாமல் போகிறது, கண்ணுக்குப் படும் குணம் மதிப்பெண் வாங்கிக்கொள்கிறது. கலகலப்பே உயிர் என்று கருதப்படும் விற்பனைத் துறையிலும் நிலைமை நாம் நினைப்பதுபோல் இல்லை. ஆடம் கிரான்ட் 2013இல் வெளியிட்ட ஆய்வில், தொலைபேசி வழி விற்கும் 340 ஊழியர்களில் அதிக வருமானம் ஈட்டியவர்கள் மிகக் கலகலப்பானவர்களும் இல்லை, மிக அடங்கியவர்களும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருந்தவர்கள்.

இந்த இடத்தில் ஒரு பழைய விவாதம் உதவும். 1968இல் வால்டர் மிஷெல், ஒரு சூழலில் ஒருவர் நடந்துகொள்வதை வைத்து இன்னொரு சூழலில் அவர் எப்படி நடப்பார் என்று சொல்வது கடினம் என்று எழுதி, ஆளுமை என்ற கருத்தையே ஆட்டிவைத்தார். பத்தாண்டு கழித்து சீமோர் எப்ஸ்டைன் அதற்கு ஒரு பதில் கண்டார். ஒரு நாள் நடத்தையை இன்னொரு நாள் நடத்தையோடு ஒப்பிட்டால் ஒற்றுமை குறைவுதான். பல நாள் நடத்தையின் சராசரியை வேறு பல நாள் சராசரியோடு ஒப்பிட்டால் ஒற்றுமை வலுவாகத் தெரிகிறது. அதாவது குணம் என்பது இருக்கிறது. அது ஒரு சந்திப்பில் இல்லை, பல நாள் கோவையில் இருக்கிறது. ஒரே ஒரு காட்சியைப் பார்த்துவிட்டு, சூழ்நிலையின் பங்கை மறந்து, அனைத்தையும் அந்த ஆளின் குணமாக எழுதிவிடுவது மனிதரின் பொதுப் பிழை. லீ ராஸ் 1977இல் இதற்கு அடிப்படைக் காரணப் பிழை என்று பெயரே வைத்தார். பயிற்சி வகுப்புகள் இந்தப் பிழையைத் திருத்துவதில்லை. அதற்குத் தைரியம் கொடுத்து வளர்க்கின்றன.

மறுப்புகள் உண்டு, அவை பலமானவை. முதல் மறுப்பு ஆய்வுலகிலிருந்தே வருகிறது. நளினி அம்பாடியும் ராபர்ட் ரோசன்தாலும் 1993இல், ஆசிரியர்கள் பாடம் நடத்தும் 30 விநாடி ஒலியில்லாப் படத்துணுக்குகளை அந்நியர்களுக்குக் காட்டினார்கள். அவர்கள் கொடுத்த மதிப்பீடும், முழுப் பருவம் அந்த ஆசிரியரிடம் படித்த மாணவர்களின் மதிப்பீடும் வியக்கத்தக்க அளவு ஒத்துப்போயின. அரை நிமிடத்தில் ஆளைக் கணிக்க முடிகிறதே என்று இதைக் காட்டுவார்கள். ஆனால் ஒத்துப்போனது எதோடு எது என்று பார்க்கவேண்டும். அந்நியருக்குப் பிடித்த ஆசிரியர் மாணவருக்கும் பிடித்திருந்தார். மாணவர் நிறையக் கற்றார்களா என்பது வேறு கேள்வி. மாணவர் தரும் மதிப்பீட்டுக்கும் அவர்கள் கற்ற அளவுக்கும் தொடர்பு இல்லை என்று 2017இல் வந்த ஒரு தொகுப்பாய்வு காட்டுகிறது. முதல் பார்வை மற்றவர்களின் மதிப்பீட்டைச் சரியாக முன்கூட்டிச் சொல்கிறது, அவ்வளவுதான். ஒருவர் எல்லோருக்கும் பிடித்தவராகத் தோன்றுகிறார் என்பதும், அவர் நல்ல வேலைக்காரர் என்பதும் இரண்டு தனித்தனிச் செய்திகள்.

இரண்டாவது மறுப்பு நமக்கு நெருக்கமானது. திருக்குறளில் குறிப்பறிதல் என்று ஒன்றல்ல, இரண்டு அதிகாரங்கள் இருக்கின்றனவே, முகம் பார்த்து மனம் அறிவது நம் மரபுதானே என்று கேட்கலாம். பொருட்பாலில் அந்த அதிகாரம் வைக்கப்பட்ட இடம் கவனிக்கத்தக்கது. மன்னரைச் சேர்ந்தொழுகல் அதற்கு முன்னால் நிற்கிறது, அவையறிதல் பின்னால் வருகிறது. நாள்தோறும் மன்னன் அருகில் இருந்து பழகிய அமைச்சனுக்குச் சொல்லப்பட்டது அது. காமத்துப்பாலில் வருவதும் ஒருவர்மேல் ஒருவர் கண்ணாக இருக்கும் காதலருக்கு. பழகியவரிடம் இன்று ஏதோ மாறியிருக்கிறது என்று கண்டுகொள்வது வேறு, பழகாதவரின் குணத்தை ஒரு பார்வையில் சொல்வது வேறு. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலும் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி நின்றுவிடவில்லை. ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களன்களில் பிறக்கலாம் என்கிறது. ஒரே சிரிப்பு ஏளனத்திலிருந்தும் வரலாம், அறியாமையிலிருந்தும் வரலாம். புறத்தே தெரிவது ஒன்று, காரணம் பல என்ற தெளிவு அந்த நூலில் இருக்கிறது. அனுபவமுள்ள கண்காணிப்பாளர்கள் தம் ஆட்களை முகத்திலேயே அறிவார்கள் என்பது உண்மை. அந்த அறிவு பல ஆண்டு உடனிருந்ததால் வந்தது. அதே கண்காணிப்பாளரைப் புதியவர் ஒருவர் எதிரில் உட்காரவைத்தால், உடனிருந்த அந்த ஆண்டுகள் அவருக்குக் கைகொடுக்காது.

உள்ளுணர்வின்மேல் நம்பிக்கை எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு 2013இல் ஜேசன் டானா, ராபின் டாஸ், நாதனியல் பீட்டர்சன் செய்த சோதனை ஒன்றை நான் முக்கியமாகக் கருதுகிறேன். மாணவர்களின் அடுத்த பருவ மதிப்பெண்ணை இன்னொரு மாணவர் கணிக்கவேண்டும். பழைய மதிப்பெண் கையில் கொடுக்கப்பட்டது. சிலர் கூடவே நேர்காணலும் செய்தார்கள். நேர்காணல் செய்ததால் கணிப்பு மேம்படவில்லை, கெட்டுப்போனது. சில நேர்காணல்களில் எதிரில் இருந்தவர், கேள்விக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு விதிப்படி ஆம், இல்லை என்று மாற்றி மாற்றிப் பதில் சொன்னார். கேட்டவர்கள் அதைக் கண்டுபிடிக்கவில்லை. அந்தக் குளறுபடியிலிருந்தும் ஒரு குணச்சித்திரத்தைக் கட்டிக்கொண்டார்கள், ஆளைப் புரிந்துகொண்டதாகவும் நம்பினார்கள். முறைப்படுத்தாத நேர்காணலின் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. தவறான முடிவோடு சேர்த்து உறுதியையும் அது கொடுத்துவிடுகிறது.

மூன்றாவது மறுப்பு நடைமுறை சார்ந்தது. வாடிக்கையாளர்கள் தோற்றம் பார்த்துத்தான் மதிப்பிடுகிறார்கள், உலகம் அப்படி இருக்கும்போது பிள்ளைகளுக்குக் கற்றுத்தருவதில் என்ன தவறு என்பது. தவறில்லை. கிராமத்துப் பிள்ளை நகரத்து அலுவலகத்தின் பழக்கவழக்கத்தைத் தெரிந்துகொள்வது நல்லது, அது புது ஊரில் பேருந்து எண்ணைத் தெரிந்துகொள்வது போன்ற ஒரு தகவல். அதைத் தகவலாகவே சொல்லித்தர வேண்டும். உன் வீட்டில் கற்ற மரியாதை ஒரு குறை, அதை அழித்தால்தான் உனக்கு ஆளுமை வரும் என்று சொல்லித்தரக் கூடாது. உடலை மாற்றினால் உள்ளமே மாறிவிடும் என்ற வாக்குறுதியும் பொய்த்திருக்கிறது. 2010இல் 42 பேரை வைத்துச் செய்த ஆய்வு, கைகால்களை அகல விரித்து இரண்டு நிமிடம் நின்றால் ஹார்மோன்கள் மாறி, துணிவு கூடும் என்றது. அதன் ஆசிரியர்களில் ஒருவரான ஏமி கடியின் உரை உலகெங்கும் பரவியது. 2015இல் 200 பேரிடம் மீண்டும் செய்து பார்த்தபோது ஹார்மோன் மாற்றம் தென்படவில்லை. முதல் ஆய்வின் தலைமை ஆசிரியர் டானா கார்னி, அந்த விளைவு உண்மை என்று தாம் இனி நம்பவில்லை என 2016இல் வெளிப்படையாக எழுதினார். அறிவியலில் அரிதான நேர்மை அது.

அப்படியானால் எதை நம்புவது? பால் சாக்கெட்டும் உடன் பணியாற்றியவர்களும் 2022இல் வெளியிட்ட தொகுப்பு தெளிவான வழி காட்டுகிறது. தேர்வு முறைக்கும் பிற்கால வேலைத்திறனுக்கும் உள்ள தொடர்பைப் பூஜ்யம் முதல் ஒன்று வரை அளந்தால், மனம்போன போக்கில் நடக்கும் நேர்காணல் 0.19இல் நிற்கிறது. எல்லோருக்கும் ஒரே கேள்விகள், முன்பே தீர்மானித்த மதிப்பெண் முறை என்று ஒழுங்குபடுத்திய நேர்காணல் 0.42க்கு உயர்கிறது. வேலையின் ஒரு துண்டையே கொடுத்துச் செய்யச்சொல்லும் சோதனை 0.33. இவை மந்திரக்கோல்கள் இல்லை. 0.42கூட நிறையத் தவறுக்கு இடம் வைக்கிறது. ஆனாலும் செலவு அதிகம் இல்லாத ஓர் ஒழுங்கு, கணிப்பின் பலத்தை இருமடங்குக்கும் மேலாக்குகிறது. ஒவ்வொரு பதிலுக்கும் அப்போதே மதிப்பெண் இடுவதும், குழுவில் இருப்பவர்கள் கலந்து பேசும் முன் தனித்தனியாக எழுதிவைப்பதும் எந்தச் சிறு கம்பெனியிலும் நாளைக்கே தொடங்கக்கூடியவை.

சேர்ந்த பிறகு அன்றாட அலுவலகத்தில் உடல்மொழிக்கு இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. எப்போதும் பேசுபவர் ஒரு வாரமாகக் கூட்டத்தில் வாய் திறக்கவில்லை என்றால் டீம் லீடர் அதைக் கவனிக்கத்தான் வேண்டும். கவனித்ததும் செய்யவேண்டியது, ஆர்வம் குறைந்துவிட்டது என்று அப்ரைசலில் எழுதுவது இல்லை. தனியே அழைத்து என்னவென்று கேட்பது. இரவு ஷிஃப்ட், வீட்டில் நோயாளி, மாதவிடாய் வலி, முந்தைய கூட்டத்தில் பட்ட அவமானம் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். அது கேட்டால் மட்டுமே தெரியும். ஆட்டிசம் உள்ளவர்களின் விஷயத்தில் இந்தக் கேட்டல் இன்னும் அவசியம். நோவா சாசனும் குழுவினரும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டிசம் உள்ளவர்களை ஒரு சில விநாடி படத்தில் பார்த்தவர்களும் குரலில் கேட்டவர்களும் அவர்களோடு பழகத் தயங்கினார்கள். அதே பேச்சை எழுத்தில் மட்டும் படித்தவர்களிடம் அந்தத் தயக்கம் இல்லை. ஆட்டிசம் உள்ளவர்கள் சொன்னதில் எந்தக் குறையும் இல்லை. குறை கண்டது பார்த்தவர்களின் கண்.

குரூப் டிஸ்கஷன் மதிப்பெண் தாள்கள் பலவற்றில் உடல்மொழி என்று ஒரு கட்டம் இருக்கிறது. மேடைப் பேச்சும் வாடிக்கையாளர் சந்திப்புமே பிழைப்பான வேலைக்கு அந்தக் கட்டம் பொருந்தலாம். நிரல் எழுதுபவருக்கும், கணக்குப் பார்ப்பவருக்கும், ஆய்வகத்தில் மாதிரிகளைச் சோதிப்பவருக்கும் அது எதை அளக்கிறது என்று தேர்வு செய்பவர்கள் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். பதில் இல்லையென்றால் அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டு, அதன் மதிப்பெண்ணை அந்த வேலையிலிருந்தே எடுத்த அரைமணி நேரப் பணி ஒன்றுக்குக் கொடுக்கலாம். கல்லூரிகளின் ப்ளேஸ்மென்ட் பிரிவுகள் இதைக் கம்பெனிகளிடம் கேட்டு வாங்கும் நிலையில்தான் இருக்கின்றன, வரும் பருவத்திலேயே.